ஒற்றைச் சொடுக்கு

கணினியில் ஓர் இணைப்பு ஒற்றைச் சொடுக்கில் திறந்துவிடக் கூடாது என்று எனக்கு முதன்முதலில் சொன்னவள் கோகிலவாணிதான். சொன்னவள் அவள், கேட்காதவள் நான் என்று உடனே எழுதிக்கொண்டுவிடாதீர்கள், தம்பி. முழுவதும் கேட்டுவிட்டு எழுதுங்கள். வினாவைப் படித்து முடிப்பதற்குள் விடையெழுதத் தொடங்கும் பிள்ளைகளை நான் எழுப்பி நிற்க வைத்திருக்கிறேன்.

முதலில் உட்காருங்கள். அதில் வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். வாசலைப் பார்த்தாற்போல் உட்கார வேண்டுமா? சரி, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். காபி கொண்டுவருகிறேன்.

வழக்கறிஞர் அம்மையாரின் அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னீர்கள். அந்த அம்மையார் முன்கூட்டியே எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போகட்டும். உங்கள் பேச்சு நன்றாக இருக்கிறது. "அந்தக் கம்ப்யூட்டர்ல என்ன ஆச்சுன்னு முதல்லருந்து சொல்லிப்போடுங்கம்மா, கேசுக்கு வேணுமுங்க" என்றீர்களே, கொங்குநாட்டாருக்கே உரிய மரியாதை அது. எங்கள் துறையூர்ப் பக்கம் இந்த 'ங்க' கிடையாது. இங்கே வீட்டுக்குள் வரும்போதே சண்டைக்கு வருவதுபோல்தான் வருவார்கள்.

முதலிலிருந்தே சொல்கிறேன். நடுவிலிருந்து தொடங்குவது எனக்குப் பழக்கமில்லை.

கோகிலவாணி என் மாணவி. பத்தாம் வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். கேட்டால் மட்டும் பேசுவாள். திருப்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். அதன்பிறகு எனக்குத் தொடர்பில்லை. போன ஆடி மாதம், நடுப்பகலில், ஒரு பையும் ஒரு குழந்தையுமாக இந்த வாசலில் வந்து நின்றாள். மாடி அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டாள். "தாய்வீடு உப்பிலியபுரத்தில் இருக்கும்போது வாடகைக்கு ஏன்?" என்று கேட்டேன்.

"அங்கதான் டீச்சர் முதல்ல தேடுவாரு" என்றாள்.

கணவன் நிறுவனங்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்துகிறவனாம். தன் வீட்டிலும் பொருத்தியிருக்கிறான். கூடத்தில் ஒன்று, படியில் ஒன்று, சமையலறையில் ஒன்று. "ரசத்துல புளி ஜாஸ்தி போட்டா கம்பெனில இருந்தே போன் பண்ணுவாரு டீச்சர்" என்றாள். மேற்பார்வை தவறு என்று நான் சொல்லமாட்டேன். நானும் வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவள்தான். ஆனால் அவள் முழங்கைக்கு மேல் இஸ்திரிப்பெட்டியின் முனை பதிந்திருந்தது. அதைப் பார்த்தபின் மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். முன்பணம் கேட்கவில்லை.

அவன் பெயர் குணாளன். பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

என்ன தம்பி, கூரை மூலையையே பார்க்கிறீர்கள்? ஒட்டடையா? ஆள் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வருவாள்.

இப்போது கணினிக்கு வருகிறேன். ஓய்வுக்குப் பின் ஆசிரியர்களுக்கென்று ஓர் இலக்கணக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். சொல்லுக்குச் சொல் அகராதிப் பக்கத்துக்கு ஓர் இணைப்புக் கொடுத்திருக்கிறேன், படிப்பவர் அங்கேயே சென்று சரிபார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த எழுதும் செயலியைக் கணினியில் ஏற்றித் தந்தவள் கோகிலாதான். கடைவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வேலை சுத்தம்.

ஏற்றிவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், லிங்க்கைத் திறக்க ரெண்டு விதம் இருக்கு. சும்மா கிளிக் பண்ணினாலே திறக்கும்னு வெச்சுக்கலாம். இல்லேன்னா கண்ட்ரோலை அமுக்கிட்டு கிளிக் பண்ணினாத்தான் திறக்கும்னு வெச்சுக்கலாம். நான் ரெண்டாவதை வெச்சிருக்கேன். சும்மா கிளிக் பண்ணினா கர்சர் மட்டும் போய் நிக்கும், திறக்காது."

"இணைப்பு என்று சொல். சொடுக்கு என்று சொல்" என்றேன்.

"சரிங்க டீச்சர், சொடுக்கு" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆனால் எனக்கு அது ஒத்துவரவில்லை. ஐப்பசி மழையில் கிணற்றடியில் வழுக்கி இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டவள் நான். இடக்கையால் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலக்கையால் சுட்டியை நகர்த்துவதென்றால், நான்காவது இணைப்புக்குள் மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கும். அவளிடம் சொன்னேன். "கதவென்றால் தட்டினால் திறக்க வேண்டும், அம்மா. தட்டுகிறவர் மறுகையால் நிலைப்படியையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது எந்த ஊர் வழக்கம்?"

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், திருத்தாமல். "டீச்சர், இது நம்ம வீட்டுக் கதவு இல்ல. அடுத்தவங்க வீட்டுக் கதவு. உள்ள யாரு இருக்காங்கன்னு நமக்குத் தெரியாது. ஆனா தட்டினது யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும். கை தவறிப் பட்டாலே திறக்கும்னா, பட்டது பட்டதுதான். ரெண்டு விரல் வேணும்னா மனசு ஒரு தடவை நின்னு யோசிக்கும்."

"நின்று யோசிக்காமல் நான் எதையும் செய்ததில்லை, கோகிலா" என்றேன்.

"உங்களைச் சொல்லல டீச்சர். ஆனா அந்த செட்டிங்கை மட்டும் மாத்திராதீங்க. உங்க கால்ல விழுந்து கேக்கிறேன்."

ஒரு பொத்தானுக்குக் காலில் விழுவதா? மிகையாகத்தான் தோன்றியது. அஞ்சுவது அஞ்ச வேண்டும்தான். எதற்கெடுத்தாலும் அஞ்சினால் அது அறிவாகுமா? விளங்குகிறதா தம்பி?

குடியுங்கள், ஆறிவிடும்.

அவள் கடைக்குப் போனபின் நானே அமைப்புகளுக்குள் நுழைந்து தேடினேன். எல்லாம் நல்ல தமிழில் இருந்தது. யார் மொழிபெயர்த்தாரோ, வாழ்க. 'இணைப்பைத் திறக்கக் கண்ட்ரோல் தேவை' என்பதன் எதிரே ஒரு சிறு கட்டம், அதில் ஒரு சரிக்குறி. நான் குறியை எடுத்தேன். உடனே ஒரு கேள்வி வந்தது: 'இதையே எல்லா ஆவணங்களுக்கும் இயல்பாக அமைக்கவா?' ஆம் என்று கொடுத்தேன். என் கணினியில் என் இயல்புதானே இயல்பாக இருக்க வேண்டும்?

அன்று பிற்பகல் முழுவதும் எவ்வளவு சுகமாக வேலை நடந்தது தெரியுமா! தொட்டேன், திறந்தது. தொட்டேன், திறந்தது. பெயர் சொல்லி அழைத்தவுடன் எழுந்து நிற்கும் பிள்ளைகளைப் போல ஒவ்வொரு பக்கமும் வந்து நின்றது. எந்த வீட்டிலும் எந்தப் பூதமும் இல்லை. அகராதிதான் இருந்தது.

அவளிடம் சொல்லவில்லை. மறைக்கவில்லை, தம்பி. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு.

இந்த நிலையில்தான் அந்த மனு. கணவன் அண்டக் கூடாதென்று நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்க வேண்டும் என்று உங்கள் வழக்கறிஞர் சொல்லியிருந்தாரே, அதற்கு மனுவைக் கோகிலா என் கணினியில்தான் தட்டச்சுச் செய்தாள். "நடையை மட்டும் பாத்துக் குடுங்க டீச்சர்" என்றாள். கடைசியில் சில பக்கங்கள், அவன் அவளுடைய மின்னஞ்சலுக்கு அனுப்பிய செய்திகள். ஒவ்வொரு செய்தியின் கீழும் ஓர் இணைப்பு. 'இந்தப் போட்டோவைப் பார்', 'பாப்பா டிசி இதில் இருக்கு, திற' என்று. அவள் ஒன்றையும் திறந்ததில்லை. "அந்தப் பக்கங்களை மட்டும் தொடாதீங்க. வக்கீலம்மா அப்படியே வேணும்னாங்க" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைப் பள்ளியில் விடப் போய்விட்டாள்.

நான் நடையைப் பார்த்தேன். நன்றாகவே எழுதியிருந்தாள். ஒரே ஒரு பத்தியை முன்னுக்குக் கொண்டுவந்தேன். பிறகு கடைசிப் பக்கங்களுக்கு வந்தேன். தம்பி, நீங்களும் சட்டம் அறிந்தவர், சொல்லுங்கள். நீதிமன்றத்துக்குப் போகும் தாளில் நீல வண்ணம் இருக்கலாமா? வரிக்கு வரி அடிக்கோடு போடலாமா? அடிக்கோடு தலைப்புக்கு உரியது. அதைப் பார்த்தால் நீதிபதி என்ன நினைப்பார்? இவளுக்கு யார் தமிழ் கற்பித்தார் என்றல்லவா நினைப்பார்? வாசகத்தை மாற்ற வேண்டாம், கோட்டை மட்டும் எடுத்துவிடுவோம் என்று அந்த வரியின் மேல் சுட்டியை வைத்துச் சொடுக்கினேன்.

கோடு போகவில்லை. வேறொரு பக்கம் திறந்துகொண்டது.

வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு சிறு சக்கரம் சுழன்றது. அதன்மேல் ஒரு கேள்வி: 'உங்கள் இருப்பிடத்தை அறிய இந்தத் தளம் விரும்புகிறது. அனுமதி? மறுப்பு?'

கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை. என் இருப்பிடத்தில் ஒளிக்க என்ன இருக்கிறது? வாசலில் பெயர்ப்பலகை தொங்குகிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள்: புலவர் ந. புனிதவதி, எம்.ஏ., பி.எட்., தலைமையாசிரியை, ஓய்வு. தொலைபேசி அட்டவணையிலும் பட்டத்தோடுதான் போட்டிருக்கிறார்கள். நான் ஒன்றும் தலைமறைவாக வாழ்பவள் அல்லள். அனுமதி என்று கொடுத்தேன்.

சக்கரம் நின்றது. ஒரு படம் வந்தது. ஒரு சமையலறை. அடுப்பு மேடை துடைத்துச் சுத்தமாக இருந்தது. நடுத்தரையில் ஒரு குழந்தையின் இளஞ்சிவப்பு மிதிவண்டி நிறுத்தியிருந்தது. கீழே ஒரே வரி: 'அம்மு, அப்பா காத்துட்டே இருக்கேன்.'

எனக்கு அதில் பயப்பட ஒன்றும் தெரியவில்லை. மூடிவிட்டேன். பிறகு விசைப்பலகையாலேயே வரிகளைத் தேர்ந்து, எல்லாக் கோடுகளையும் நீக்கிக் கறுப்பாக்கிவிட்டேன். பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருந்தது!

மாலையில் அவள் வந்ததும் நானே பெருமையாகக் காட்டினேன். அவள் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"எப்படி எடுத்தீங்க டீச்சர்?"

சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன். அவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அனுமதின்னா குடுத்தீங்க?"

"கேட்டது. கொடுத்தேன்."

அவள் என்மேல் கோபப்படவில்லை, தம்பி. கோபப்பட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். "உன் மனுவுக்கும் அது பொருந்தும் என்று கணினி தெளிவாக எச்சரித்திருக்க வேண்டும், அது அதன் பிழை" என்று விளக்கவும் தொடங்கினேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. குழந்தையின் சீருடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது மிகை, கோகிலா. உலகத்தில் எத்தனை பேர் எத்தனை இணைப்பைத் திறக்கிறார்கள்" என்றேன்.

அப்போதுதான் இதோ, இந்தத் தொலைபேசி ஒலித்தது. எடுத்தேன். பெயர் சொன்னேன். மறுமுனையில் பேச்சில்லை. குக்கர் விசிலடித்தது. நிதானமாக, ஒன்று விட்டு, இன்னொன்று. யாராவது வேலையாக இருப்பார்கள் என்று பொறுத்துப் பார்த்தேன். மரியாதையாக, "யாரென்று சொல்லுங்கள்" என்றுகூடக் கேட்டேன். வைத்துவிட்டார்கள்.

"என்ன டீச்சர் கேட்டுச்சு?" என்றாள்.

"குக்கர் சத்தம். வேறொன்றுமில்லை."

"வெயிட்டு கொஞ்சம் கீச்சுனு இழுத்து அடிச்சுதா?"

ஆம், இழுத்துத்தான் அடித்தது. பையின் வாயை இழுத்துக் கட்டினாள். "அது எங்க வீட்டுக் குக்கர். அடுப்படியில நின்னுக்கிட்டு போன் பண்றாரு" என்றாள்.

குக்கரின் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? எனக்கு இன்றுவரை ஐயம்தான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்தக் குழந்தை தன்ஷிகா இருக்கிறதே, பெயருக்குப் பொருள் கேட்டேன், இணையத்தில் இருந்தது என்றாள் தாய், அந்தக் குழந்தை தொலைபேசி மணி கேட்டதும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டும் வரவில்லை. கையால் காதைப் பொத்தியிருந்தது.

என்ன கேட்டீர்கள்? அம்மு நன்றாகச் சாப்பிடுகிறாளா என்றா? வழக்கைக் கோப்பாக மட்டும் பார்க்காமல் மனிதராகப் பார்க்கிறீர்கள். வீட்டில் அம்மு என்றுதான் கூப்பிடுவார்கள். அதுவும் மனுவில் இருக்கும் போலும். சாப்பிட்டாள், தம்பி. என் கையால் இட்லி ஊட்டியிருக்கிறேன்.

மறுநாள் நண்பகலில் கிளம்பிவிட்டார்கள். பேருந்து நிலையம்வரை நான்தான் போனேன். போகும்வழியில் கோகிலா ஒன்று கேட்டாள். "யாராவது வந்து கேட்டா என்னைத் தெரியாதுன்னு சொல்லிடுங்க டீச்சர்." நான் மறுத்துவிட்டேன். "பொய் சொல்லமாட்டேன். இங்கே இருந்தாய் என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் எந்த ஊருக்குப் போனாய் என்பது என் வாயிலிருந்து வராது. என் சொல்லை நம்பு" என்றேன். "வேற வழி இல்ல டீச்சர், நம்புறேன்" என்றாள்.

கவனித்தீர்களா, நம்புகிறேன் என்றாள்.

அதன்பிறகு அவளைக் கேட்டு யாரும் வரவில்லை. தொலைபேசியும் ஒலிக்கவில்லை. நீங்கள்தான் முதல் ஆள். இப்போது சொல்லுங்கள், அவள் அஞ்சியது மிகைதானே? ஒரு சொடுக்கு. அதற்காக ஒரு பெண் வேலையை விட்டுப் போவதா? குழந்தையின் படிப்பு நடுவில் நிற்பதா? அமைப்பை மாற்றிவிட்டீர்களா என்கிறீர்கள். இல்லை. இன்றும் ஒற்றைச் சொடுக்குதான். என் மணிக்கட்டு இன்னும் ஆறவில்லையே.

உங்கள் கட்டைவிரலில் என்ன, கறுப்பு நாடா சுற்றியிருக்கிறீர்கள்? மின்கம்பிக்குச் சுற்றுவது அல்லவா அது? காயமா? வழக்கறிஞர் அலுவலகத்தில் கம்பி வேலையும் உங்கள் தலையில்தான் கட்டுகிறார்கள் போலும். மஞ்சள் பற்றுப் போட்டுத் தருகிறேன், இருங்கள். வேண்டாமா? சரி.

ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள், தம்பி. சொல்லமாட்டேன். சம்மன் கொடுக்க வேண்டுமென்றாலும், நீதிபதியே வந்து கேட்டாலும் சொல்லமாட்டேன். ஒரு மாணவிக்குக் கொடுத்த வாக்கு அது. நீங்கள் நல்லவர், வற்புறுத்தவில்லை. சிரித்துக்கொண்டு, "அது வேண்டாமுங்கம்மா, செலவுக் கணக்கு மட்டும் சொல்லுங்க, கோர்ட்டுல வாங்கித் தந்தறலாம்" என்கிறீர்கள். அதைச் சொல்வதில் தடையில்லை. கணக்கில் ஒளிவுமறைவு கூடாது.

அன்று அவளுக்குக் கடைச் சம்பளம் வந்திருக்கவில்லை. பயணச்சீட்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கடன் என்று சொல்லித்தான் கொடுத்தேன், தானமென்றால் அவள் வாங்கமாட்டாள். வண்டி மாற வேண்டியதில்லை, பன்னிரண்டு மணிக்குப் புறப்படும் அரசுப் பேருந்து நேராகவே போகிறது. குழந்தைக்கு ஏழு வயது, அரைச்சீட்டு. தொகை சரிதானா என்று நான் கேட்டதற்கு நடத்துநர் கட்டண அட்டையையே எடுத்துக் காட்டினார். நிறுத்தத்துக்கு நிறுத்தம் தொகை படிப்படியாக ஏறுகிறது. ஒரு தொகை இரண்டு ஊருக்கு வரவே வராது. எவ்வளவு ஒழுங்கான அட்டவணை! வகுப்பில் மாட்டலாம்.

நேற்று அதே நடத்துநர் இந்த வாசலில் வந்து நின்றார். அவள் அவர் கையிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்து, முதல் சம்பளத்திலிருந்து. கடனைத் திருப்பித் தருவதில்தான் ஒருவருடைய வளர்ப்புத் தெரியும் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. மறக்கவில்லை பாருங்கள். நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு ரூபாய் கூடவுமில்லை, குறையவுமில்லை.

பேனா இருக்கிறதா? கைப்பேசியிலேயே குறித்துக்கொள்கிறீர்களா, நல்லது. பிழையில்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முழுச்சீட்டு, ஓர் அரைச்சீட்டு, இரண்டும் சேர்த்து நூற்று நாற்பத்து நான்கு ரூபாய்.